விண்கல்லுக்குள் இருக்கும் உருண்டைகள் எங்கே உருகின?

கேள்வி இதுதான்: வெட்டி மெருகேற்றிய விண்கல் படங்களில் தெரியும் சின்னச் சின்ன உருண்டைகள், அதாவது காண்ட்ரூல்கள், எப்படி வந்தன? அந்தக் கல் எந்தச் சிறுகோளிலிருந்து உடைந்து வந்ததோ அதற்குள்ளேயே எரிமலைக் குழம்பு மாதிரி உருகி உண்டானவையா, இல்லை அதற்கு முன்பே விண்வெளியில் உண்டானவையா? இன்றைக்கும் எங்காவது உருவாகிக்கொண்டிருக்கின்றனவா?

முதல் பாதிக்கு உறுதியான பதில் உண்டு. அந்தச் சிறுகோள் திரள்வதற்கு முன்பே, தனித்தனித் துளிகளாக மிதந்த நிலையில் உருகி உறைந்தவை அவை. எது உருக்கியது என்பதில்தான் ஒன்றரை நூற்றாண்டாக வாதம் ஓடுகிறது. பிரபலக் கட்டுரைகள் பெரும்பாலும் 'மின்னலா, அதிர்ச்சி அலையா, மோதலா' என்று சூட்டைத் தேடுவதிலேயே நின்றுவிடுகின்றன. இளம் சூரியனைச் சுற்றிச் சூட்டுக்குப் பஞ்சமில்லை. துளிகள் ஏன் அவ்வளவு மெதுவாக ஆறின, ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தன என்ற இரண்டு கேள்விகளை வைத்து ஒவ்வொரு கொள்கையையும் உரசிப் பார்ப்பதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

விழுவதைப் பார்த்து எடுத்த விண்கற்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் காண்ட்ரைட் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றிலும் பெரும்பான்மையான சாதாரணக் காண்ட்ரைட்டுகளில், கல்லின் கன அளவில் 60 முதல் 80 சதவீதம் இந்த உருண்டைகள்தான். அளவு பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைச் சுற்றி; சில வகைகளில் ஒரு மில்லிமீட்டரைத் தொடும். உள்ளே இருப்பவை ஒலிவின், பைராக்சீன் என்ற சிலிகேட் கனிமப் படிகங்கள், அவற்றுக்கிடையே கண்ணாடி, கொஞ்சம் இரும்பு-நிக்கல் உலோகம், இரும்பு சல்ஃபைடு. ஆக, இது ஏதோ அபூர்வ நிகழ்ச்சியின் மிச்சம் அல்ல. சிறுகோள் பட்டையின் உள்பகுதியில் இருந்த பாறைப் பொருளில் கணிசமான பங்கு ஒருமுறையாவது துளியாக உருகியிருக்க வேண்டும்.

இதை முதலில் சரியாகப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறையை நிலைநாட்டியவர் அவர். 1877-இல் எழுதும்போது இந்த உருண்டைகளை நெருப்பு மழையின் துளிகளோடு ஒப்பிட்டார். சூரியனுக்கு அருகில் நிலவும் சூழல் ஒரு காலத்தில் வெகுதூரம் வரை பரவியிருந்திருக்கலாம் என்றும் ஊகித்தார். அணுக்கருவோ கதிரியக்கமோ தெரியாத காலம் அது. 'தனித்து மிதந்த உருகிய துளி' என்ற அவருடைய அடிப்படைக் கருத்து மட்டும் இன்றுவரை அசையவில்லை.

சிறுகோளுக்குள் உருகவில்லை என்று எப்படிச் சொல்கிறோம்? அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் இரண்டு உருண்டைகளை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் இரும்பு ஆக்சைடு கிட்டத்தட்ட இல்லை. பக்கத்தில் இருப்பதில் நிறைய. ஒன்று படிகங்கள் நிறைந்தது, மற்றது ஏறக்குறைய முழுக் கண்ணாடி. ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களின், விகிதம்கூட ஆளுக்கு ஒன்றாக இருக்கும். ஒரே இடத்தில் ஒரே சூட்டில் உருகியிருந்தால் இந்த வேறுபாடு மிஞ்சியிருக்காது.

இதைவிட வலுவான சாட்சி உருண்டைகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் நுண்பொடியில் இருக்கிறது. அதிகம் மாறாத காண்ட்ரைட்டுகளில், அந்தப் பொடிக்குள் சூரியனுக்கும் மூத்த துகள்கள் கிடைக்கின்றன: வேறு நட்சத்திரங்கள் உமிழ்ந்த சிலிக்கன் கார்பைடு, நுண்வைரம், கிராஃபைட். உருண்டைகள் உருகிய சூட்டில் இவை ஒருநாளும் தப்பியிருக்காது. அப்படியானால் உருகிய துளிகள் உருகிய இடத்தில் உறைந்து ஆறிய பிறகு, குளிர்ந்த தூசோடு கலந்து, அதன் பின்தான் ஒரே கல்லாகச் சேர்ந்திருக்கின்றன.

சரி, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? இதற்குப் பதில் ஆய்வகத்தில் கிடைத்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஹெவின்ஸ், நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் இருந்த கேரி லாஃப்கிரென் போன்றவர்கள் காண்ட்ரூல் கலவையை உலையில் உருக்கி, வெவ்வேறு வேகத்தில் ஆறவிட்டு, என்ன படிக அமைப்பு வருகிறது என்று பார்த்தார்கள். சர்க்கரைப் பாகை மெதுவாக விட்டால் கற்கண்டு கட்டும், சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி மிட்டாயாக இறுகும், அதே தர்க்கம்தான். கிடைத்த கணக்கு: உச்ச வெப்பம் சுமார் 1500 முதல் 1900 டிகிரி செல்சியஸ். அந்த உச்சம் நீடித்தது நிமிடக் கணக்கில்தான். அதன் பிறகு, பெரும்பாலான காண்ட்ரூல்களுக்கு மணிக்கு 10 முதல் 1000 டிகிரி வரையிலான வேகத்தில் ஆறுதல்.

படிக அமைப்பைத் தீர்மானிப்பதில் ஆறும் வேகத்துக்கு ஈடாக இன்னொன்றும் உண்டு. உருகும்போது சில படிக விதைகள் மிச்சமிருந்தால், அவற்றைச் சுற்றிப் பெரிய படிகங்கள் பல வளர்கின்றன. சாதாரணக் காண்ட்ரைட்டுகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட உருண்டைகள் இப்படிப்பட்டவை. எல்லா விதையும் கரைந்துபோனால் துளி உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இருந்து, பிறகு திடீரென்று ஒரு மூலையிலிருந்து படிகமாகிவிடும். அப்போது ஒலிவின் இணைகோடுகளாக நிற்கும், அல்லது பைராக்சீன் ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரியும். மைக்ரோஸ்கோப் படங்களில் எல்லோரும் பகிர்வது இந்த அழகிகளைத்தான். எண்ணிக்கையில் அவை சிறுபான்மை.

மணிக்கு 1000 டிகிரி என்றால் வேகம் போலத் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள பாறைத் துளியைச் சுமார் 1500 டிகிரி செல்சியஸில் வெற்றிடத்தில் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கதிர்வீச்சில் அது இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2 வாட். துளியின் எடை 2 மில்லிகிராமுக்கும் கீழே. ஆகவே அது நொடிக்கு ஆயிரம் டிகிரி என்ற கதியில் ஆறும். உண்மையில் நடந்ததோ மணிக்கு ஆயிரம், அல்லது நூறு, அல்லது பத்து. குறைந்தது சில ஆயிரம் மடங்கு வித்தியாசம்! துளியைச் சுற்றி ஏதோ ஒன்று சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. அது சூடான வாயுவாகவும், அதே நேரத்தில் உருகிய மற்ற துளிகளாகவும் இருந்திருக்க வேண்டும்: ஒன்று வீசும் வெப்பத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அடர்ந்த கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு வேறு தடயங்களும் உண்டு. உருகிய பாறையிலிருந்து சோடியமும் பொட்டாசியமும் எளிதில் ஆவியாகும். வெற்றிடத்தில் ஆவியானால் லேசான ஐசோடோப்பு முதலில் ஓடிவிடும், கனமானது மிஞ்சும். காண்ட்ரூல்களின் பொட்டாசியத்தை அளந்த முனிர் ஹுமாயுனும் ராபர்ட் கிளேட்டனும் 1995-இல் அப்படிப்பட்ட கனத்த மிச்சம் எதையும் காணவில்லை. 2008-இல் கானல் அலெக்ஸாண்டர் குழுவினர் செமார்கோனா விண்கல்லின் காண்ட்ரூல்களில் சோடியத்தைத் தேடினார்கள். முதலில் படிகமான ஒலிவினின் நடுப்பகுதியிலேயே சோடியம் இருந்தது. துளி மிகச் சூடாக இருந்தபோதே சோடியம் ஓடிப்போகாமல் நின்றிருக்கிறது என்று பொருள். அப்படி நிற்க, சுற்றிலும் சோடிய ஆவி நிறைந்திருக்க வேண்டும்; அதற்கு ஒரு கன மீட்டரில் சுமார் 10 கிராம் அல்லது அதற்கும் மேல் பாறைப் பொருள் தேவை. கேட்க அற்பமாக இருக்கும். சூரியனைச் சுற்றியிருந்த தூசு-வாயு வட்டில் வழக்கமாகக் கணிக்கப்படும் தூசு அடர்த்தியைவிட இது பல லட்சம் மடங்கு. இவ்வளவு அடர்ந்த மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கிச் சிறுகோளாகிவிட வாய்ப்புண்டு. இந்த ஓர் அளவீடு கொள்கை வகுப்பவர்களுக்குக் கொடுத்த தலைவலி கொஞ்சநஞ்சமல்ல.

மென்மையாக இருந்தபோதே ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்ட இரட்டை உருண்டைகளும் சில சதவீதம் கிடைக்கின்றன. சில உருண்டைகளுக்குள், முந்தைய தலைமுறைக் காண்ட்ரூல் உடைந்து வந்த, உருகாத படிகத் துண்டு இருக்கும். சிலவற்றைச் சுற்றி இரண்டாம் முறை உருகிய ஓடு இருக்கும். ஆக, உருக்கும் நிகழ்ச்சி ஒருமுறை வந்து போன விபத்தல்ல. ஒரே வட்டாரத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

செமார்கோனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1940 அக்டோபர் 26 அன்று இன்றைய மத்தியப் பிரதேசத்தில் விழுந்த, ஒரு கிலோகூட இல்லாத கல். பிறந்ததிலிருந்து வெப்பத்தால் அநேகமாக மாறவே இல்லை என்பதால் சாதாரணக் காண்ட்ரைட்டுகளின் தர வரிசையில் 3.00 என்ற தொடக்கப் புள்ளியே அதுதான். எம்ஐடியைச் சேர்ந்த ரோஜர் ஃபூவும் பெஞ்சமின் வெய்ஸும் சகாக்களும் அதன் காண்ட்ரூல்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, ஒலிவினுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய இரும்புத் துகள்களின் காந்தத்தை அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு உருண்டையின் காந்தமும் ஒவ்வொரு திசையைக் காட்டியது. உருண்டைகள் சிறுகோளில் சேர்வதற்கு முன்பே, தனியாகச் சுழன்றபடி ஆறும்போதே காந்தமேறின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அப்போது இருந்த காந்தப்புலம் சுமார் 54 மைக்ரோடெஸ்லா, கூட்டியோ குறைத்தோ 21. பூமியின் மேற்பரப்பில் இன்று திசைகாட்டி உணரும் புலத்தின் அளவுதான்.

இந்த எண் ஒரு முக்கியமான கொள்கையை ஓரங்கட்டியது. ஃபிராங்க் ஷூவும் குழுவினரும் 1990-களில் முன்வைத்த மாதிரியில், தூசு சூரியனுக்கு மிக அருகே போய் உருகி, சூரியனின் காந்தக் காற்றில் வெளியே வீசப்படுகிறது. அங்கே காந்தப்புலம் செமார்கோனா காட்டுவதைவிட வலுவாக இருந்திருக்க வேண்டும். போதாததற்கு, ஒரே கல்லில் உள்ள காண்ட்ரூலும் பொடியும் வேதியியலில் ஒன்றையொன்று ஈடுசெய்வதாகச் சில ஆய்வகங்கள் காட்டுகின்றன. அது சரியென்றால் இரண்டும் ஒரே வட்டாரத்துப் பொருள்தான். இந்த ஈடு உண்மையா என்பதில் இன்னும் சண்டை உண்டு, அதனால் அதன் மேல் நான் அதிகம் சாயமாட்டேன்.

மின்னலை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். சூடாக்க அது போதும். மணிக்கணக்கில் சூட்டைத் தக்கவைக்க அதனால் ஆகாது.

மிஞ்சுபவை இரண்டு: அதிர்ச்சி அலையும் மோதலும். வாயு வட்டில் ஓர் அதிர்ச்சி அலை கடந்தால் வாயு நொடிப்பொழுதில் சூடேறி அழுந்துகிறது; அதிலிருக்கும் தூசுக் கட்டிகள் உராய்வாலும் கதிர்வீச்சாலும் உருகி, சூடான வாயுவோடு சேர்ந்தே மெதுவாக ஆறுகின்றன. ஆறும் வேகம் இயல்பாகவே பொருந்துவது இதன் பலம். அந்த அலையைக் கிளப்பியது யார்? வட்டின் ஈர்ப்புக் குலைவாக இருக்கலாம். சாய்ந்த பாதையில் வாயுவைக் கிழித்துக்கொண்டு ஓடிய கரு நிலைக் கோளின் முன்னலையாகவும் இருக்கலாம். இதன் பலவீனம், சோடியம் கேட்கும் அந்த அடர்த்தி.

மோதல் கட்சிக்கு அந்த அடர்த்தி எளிது. ஏற்கெனவே உள்ளே உருகியிருந்த இரண்டு சிறுகோள்கள் மெதுவாக மோதினாலே குழம்பு துளித்துளியாகத் தெறிக்கும் என்றார்கள் இயன் சாண்டர்ஸும் எட்வர்ட் ஸ்காட்டும். வேகமான மோதலின் தொடக்கக் கணத்தில் பீறிடும் தாரையே போதும் என்றது பிராண்டன் ஜான்சன் குழுவினரின் 2015 ஆய்வு. எதிர்வாதமும் வலுவானது: உருகிய சிறுகோளில் உலோகம் அடியில் இறங்கி மையமாகியிருக்கும், மேலே மிஞ்சும் குழம்பின் வேதியியல் மாறியிருக்கும். காண்ட்ரூல்களோ, சூரியக் கலவைக்கு நெருக்கமான, பிரிந்து போகாத கலவையாக இருக்கின்றன. அவற்றுக்குள் பழைய தூசின் துண்டுகள் வேறு.

மோதலால் வந்தவை என்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வகையும் இருக்கிறது. 1984-இல் நைஜீரியாவில் விழுந்த குஜ்பா போன்ற, உலோகம் மிகுந்த சிபி காண்ட்ரைட்டுகள். அவற்றின் உருண்டைகளில் படிக விதையோ பழைய துண்டுகளோ இல்லை, சுற்றிலும் நுண்பொடியும் இல்லை, வயது எல்லாவற்றுக்கும் ஒன்றே: சுமார் 456.25 கோடி ஆண்டுகள். பெரிய மோதலில் எழுந்த ஆவி-உருகல் மேகத்திலிருந்து ஒரே தடவையில் உறைந்தவை என்பது விளக்கம். சாதாரணக் காண்ட்ரூல்கள் எந்த விதத்திலும் இவற்றைப் போல இல்லை. அதனால்தான் எல்லாக் காண்ட்ரூல்களுக்கும் ஒரே தொழிற்சாலையைத் தேடுவது வீண் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால், பெரும்பான்மைக்கு அடர்ந்த தூசுப் பகுதிகளில் ஓடிய அதிர்ச்சி அலைகள், சிறுபான்மைக்கு மோதல். இது என் சாய்வு மட்டுமே. மறுபக்கம் நிற்பவர்களும் கெட்டிக்காரர்கள்தான்.

காலக்கணக்கு இதில் ஒரு சுவாரசியமான முடிச்சைப் போடுகிறது. சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருள்கள், 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே போன்ற கற்களில் காணப்படும் கால்சியம்-அலுமினியம் மிகுந்த வெள்ளைத் திட்டுகள். வயது 456.73 கோடி ஆண்டுகள். அலுமினியம்-26 என்ற கதிரியக்கக் கடிகாரத்தின்படி பெரும்பாலான காண்ட்ரூல்கள் அதற்கு 20 முதல் 30 லட்சம் ஆண்டுகள் பிந்தியவை. யுரேனியம் சிதைந்து ஈயமாவதை அளக்கும் ஈயக் கடிகாரமோ, சில காண்ட்ரூல்கள் அந்தத் திட்டுகளோடு சேர்ந்தே தொடங்கியதாகக் காட்டுகிறது. இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப்போக வைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. இதற்கிடையே இரும்பு விண்கற்களின் தாய்ச் சிறுகோள்கள் முதல் 10 லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே திரண்டு உருகத் தொடங்கிவிட்டன. 'காண்ட்ரூல்கள்தான் கோள்களின் முதல் செங்கற்கள்' என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலான காண்ட்ரூல்கள் உருகிய நேரத்தில் இரும்பு மையம் கொண்ட குட்டி உலகங்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன.

தாய்ச் சிறுகோளின் பங்கு இங்கேதான் வருகிறது. அது காண்ட்ரூல்களைச் செய்யவில்லை. சேர்த்தது, பிறகு வேகவைத்து அழித்தது. அலுமினியம்-26-இன் அரை ஆயுள் சுமார் 7.2 லட்சம் ஆண்டுகள். முதலில் திரண்ட சிறுகோள்களை, அது சிதையும்போது வெளிவரும் சூடு முழுக்க உருக்கிவிட்டது. 20 லட்சம் ஆண்டுகள் கழித்துத் திரண்டவற்றில் ஏழில் ஒரு பங்குதான் மிச்சம், வேகவைக்கும், உருக்காது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால் நம் கையில் ஒரு காண்ட்ரூல்கூட இருந்திருக்காது.

வெந்த அளவை 3 முதல் 6 வரை எண்ணிட்டுச் சொல்வது 1967-இல் வான் ஷ்மஸும் வுட்டும் வகுத்த முறை. 3-இல் உருண்டைகள் கூர்மையாகத் தெரியும். 6-க்கு வரும்போது 800, 900 டிகிரியில் நெடுங்காலம் கிடந்து, கண்ணாடி படிகமாகி, உருண்டையின் விளிம்பு பொடியோடு கரைந்துவிடும். மேற்பரப்புக்கு அருகில் இருந்தவை சீக்கிரம் ஆறின, ஆழத்தில் இருந்தவை தாமதமாக. இதற்கும் வயதுகள் சாட்சி: எச் என்ற, இரும்பு மிகுந்த சாதாரணக் காண்ட்ரைட் வகையில், 4-ஆம் தரமான சாந்த் மார்கெரித்தின் பாஸ்பேட் கனிமங்கள் 456.3 கோடி ஆண்டுகள் காட்டுகின்றன. 6-ஆம் தரமான குவாரெஞ்யா 450.4 கோடி. இடையில் சுமார் 6 கோடி ஆண்டுகள். நூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும் அகலமான பாறை உருண்டையின் உள்வயிறு ஆற அவ்வளவு காலம் பிடிக்கும். ஈரமான சிறுகோள்களில் வேலையை நீர் செய்தது: மர்ச்சிசன் போன்ற கற்களில் காண்ட்ரூல்கள் பகுதியளவு களிமண் கனிமங்களாக மாறியிருக்கின்றன.

விண்கல்லுக்கும் சிறுகோளுக்கும் உள்ள உறவை நேரில் உறுதிப்படுத்தியது ஜப்பானின் ஹயபுசா விண்கலம். 2010-இல் அது இட்டோகாவா சிறுகோளிலிருந்து கொண்டுவந்த துகள்கள் எல்எல் என்ற, இரும்பு குறைந்த சாதாரணக் காண்ட்ரைட் வகையோடு பொருந்தின. செமார்கோனாவும் எல்எல் வகைதான், இட்டோகாவா துகள்கள் அதைவிட நன்றாக வெந்தவை. ஹயபுசா-2 ரியூகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மண்ணோ காண்ட்ரூல் ஏறக்குறைய இல்லாத சிஐ என்ற காண்ட்ரைட் வகை. காண்ட்ரூல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விளையவில்லை, சூரியனிலிருந்து தொலைவில் திரண்ட பொருளில் குறைவு என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

கடைசிக் கேள்வி: இன்றும் உருவாகின்றனவா? பாறை உருகித் தெறித்து உருண்டையாவது இன்றும் நடக்கிறது. நிலா மண்ணில் மோதலால் வந்த கண்ணாடி மணிகள் ஏராளம். அப்பல்லோ 14 கொண்டுவந்த பாறைகளில் காண்ட்ரூலைப் போலவே படிகம் கட்டிய சில உருண்டைகளும் கண்டெடுக்கப்பட்டன. அங்கேயும் அவை உடைந்த துண்டுகளுக்கு நடுவே சொற்ப எண்ணிக்கைதான். ஒரு கல்லில் முக்கால் பங்கு உருண்டையாக இருக்கும் நிலை எங்கும் இல்லை. இன்றைய சிறுகோள் பட்டையில் மோதல்கள் நொடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கின்றன. அவை உருக்குவதைவிட உடைப்பது அதிகம். சூட்டைப் பிடித்துவைக்க வாயுவும் இல்லை, உருக்கக் காத்திருக்கும் தூசு மேகமும் இல்லை. பழைய எரிகுழம்பு விண்கற்களின் காந்தத்தை வைத்துப் பார்த்தால், சூரியன் பிறந்து சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்குள் அந்த வாயு கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த குஜ்பாவின் உருண்டைகள் தங்களுக்கு வேண்டிய ஆவியை மோதலிலிருந்தே எடுத்துக்கொண்டன.